ஈறு காத்தால் பல் நிற்கும்

காலையில் பல் துலக்கி வாய் கொப்பளிக்கும்போது, துப்பிய நீரில் சிறிது செந்நிறம் கலந்திருப்பதை நம்மில் பலரும் கண்டிருக்கின்றோம். கண்டவுடன் என்ன செய்கின்றோம்? "பிரஷ் குத்திவிட்டது" என்று சொல்லிக்கொள்கின்றோம். அல்லது "உடம்பில் சூடு ஏறிவிட்டது" என்கின்றோம். இரண்டு நாளைக்கு அந்தப் பக்கத்தைத் தொடாமல் விட்டுவிடுகின்றோம். வலி இல்லை, ஆதலால் கவலையும் இல்லை. காதிலிருந்தோ கண்ணிலிருந்தோ நாள்தோறும் ஒரு துளி இரத்தம் கசிந்தால் இவ்வாறு வாளாவிருப்போமா? அன்றே மருத்துவரைத் தேடிச் செல்லமாட்டோமா? ஈறு சிந்தும் இரத்தத்திற்கு மட்டும் ஏன் இந்த அலட்சியம்?

பல் நோய் என்றதும் நம் நினைவுக்கு வருவது சொத்தைப் பல்லே. அது வலிக்கும், இரவில் உறங்கவிடாது, கன்னத்தை வீங்கச் செய்யும். அதனால் அதற்கு நம் வீட்டில் மதிப்பு உண்டு. ஈறு நோயோ ஓசையின்றி வருவது. பத்து, இருபது ஆண்டுகள் வாயிலேயே குடியிருந்தும் வீட்டுக்காரருக்குத் தெரியாதிருப்பது. பல் ஆடத் தொடங்கிய பின்னரே பலர் அதனை அறிகின்றனர். உலகச் சுகாதார நிறுவனம் 2022-ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகில் ஏறத்தாழ 350 கோடிப் பேருக்கு ஏதேனும் ஒரு வாய் நோய் உண்டு. கடுமையான ஈறு நோய் உடையோர் மட்டும் ஏறத்தாழ 100 கோடிப் பேர்.

"வயதானால் பல் விழுவது இயற்கைதானே?" என்று கேட்போர் உளர். தலை நரைப்பது இயற்கை. பல் விழுவது அவ்வாறன்று. நன்கு பேணப்பட்ட பல் எண்பது வயதிலும் நிற்கும். பல்லைப் பறிப்பது வயதன்று. அந்த வயது வரையில் நாம் கவனியாமல் விட்ட நோயே. அந்நோய் எவ்வாறு வருகின்றது, அதனை நம் கையாலேயே எவ்வாறு தடுக்கலாம் என்பதைச் சற்றே காண்போம்.

பல் நிற்கும் நிலம்

சுவரில் அடித்த ஆணியைப் போலப் பல் தாடை எலும்பில் இறுகிப் பதிந்திருக்கவில்லை. பல்லின் வேருக்கும் அதனைச் சூழ்ந்த எலும்புக்கும் இடையே நுண்ணிய நார்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. அந்நார்களே பல்லைத் தாங்கி நிற்கின்றன. கடினமான முறுக்கை நாம் கடிக்கும்போது அதன் அதிர்ச்சியைத் தாங்குவனவும் அவையே. இவையனைத்தையும் மேலே போர்த்திக் காக்கும் தோலே ஈறு.

நலமுள்ள ஈறு பல்லைச் சட்டையின் கழுத்துப் பட்டியைப் போல ஒட்டிச் சூழ்ந்திருக்கும். துலக்கினாலும் அழுத்தினாலும் இரத்தம் வராது. பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே 1 முதல் 3 மில்லிமீட்டர் ஆழமுள்ள ஒரு சிறு வாய்க்கால் உண்டு. நோய் நுழையும் வாயில் அதுவே.

வெண்மையான அந்தப் படலம்

இரவு முழுவதும் துலக்காத பல்லை நகத்தால் சுரண்டினால் மாவு போன்ற ஒரு வெண்பொருள் வரும். உணவுத் துணுக்கு என்று அதனை எண்ணுகின்றோம். உண்மையில் அது உயிருள்ள கூட்டம். ஹாலந்து நாட்டில் டெல்ஃப்ட் நகரில் வாழ்ந்த துணி வணிகரான லேவன்ஹூக் என்பார், தாமே செய்த உருப்பெருக்கிக் கண்ணாடியில் தம் பல்லிடுக்கின் வெண்பொருளை வைத்து நோக்கினார். எண்ணற்ற நுண்ணுயிர்கள் அதில் நீந்தி விளையாடுவதைக் கண்டு வியந்து, 1683-ஆம் ஆண்டில் இலண்டனிலுள்ள ராயல் சொசைட்டிக்கு எழுதினார். அவர் நாள்தோறும் உப்பால் பல் தேய்த்தவர் என்பதையும் நாம் கருத வேண்டும். உப்புக்கும் எட்டாத இடுக்குகளில் அவை தங்கியிருந்தன.

இந்தப் படலம் மென்மையாய் இருக்கும் வரையில் பிரஷ் பட்டாலே நீங்கிவிடும். வாயை எத்தனை முறை கொப்பளித்தாலும் நீங்காது. தேய்த்தே எடுக்க வேண்டும். எடுக்காமல் விட்டால், உமிழ்நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்து அதில் படிந்து, சில நாள்களில் கல்லைப் போல இறுகிவிடும். இதனையே காரை என்கின்றோம். நீர்க்குடத்தின் அடியில் உப்பு படிவதைப் போன்றதே இதுவும். காரை பிடித்தபின் பிரஷ் அதனை அசைக்க இயலாது. பல் மருத்துவரின் கருவியே வேண்டும். காரையின் சொரசொரப்பான மேற்பரப்பில் மேலும் படலம் சேரும்.

படலத்திலுள்ள நுண்ணுயிர்கள் வெளிப்படுத்தும் நச்சுப்பொருள்களை எதிர்க்க உடல் தன் இரத்தத்தை ஈறுக்குக் கூடுதலாக அனுப்புகின்றது. ஈறு சிவக்கின்றது, தடிக்கின்றது, தொட்டால் கசிகின்றது. இது முதல் நிலை. இந்நிலையில் எலும்புக்குச் சேதம் இல்லை. மேலும் விட்டுவிட்டால் நோய் அந்தச் சிறு வாய்க்காலின் வழியே கீழிறங்குகின்றது. நார்கள் அறுபடுகின்றன, எலும்பு கரைகின்றது. பல் நீண்டுவிட்டதைப் போலத் தோன்றும். பல் நீளவில்லை, நிலம் தாழ்ந்துவிட்டது. இவ்வாறு கரைந்த எலும்பு பெரும்பாலும் பழைய அளவுக்கு மீள்வதில்லை. மருத்துவத்தால் நோயை அந்த இடத்தில் நிறுத்தலாம். இழந்ததை முழுவதும் திரும்பப் பெறுதல் அரிது. ஆகவேதான் முதல் நிலையில் காட்டும் இரத்தத்தை நாம் மதிக்க வேண்டும்.

பன்னிருவர் செய்த சோதனை

"இரத்தம் வருகிறதே, அந்த இடத்தில் துலக்கலாமா?" என்பது பலருடைய ஐயம். இதற்குத் தெளிவான விடையை 1965-ஆம் ஆண்டில் ஹரால்டு லோ என்னும் பல் மருத்துவ அறிஞரும் அவருடன் உழைத்தோரும் டென்மார்க் நாட்டிலிருந்து அளித்தனர். நல்ல ஈறுகளை உடைய 12 பேர் இச்சோதனைக்கு உடன்பட்டனர். பெரும்பாலோர் பல் மருத்துவ மாணவர்கள். அவர்கள் பல் துலக்குவதை முற்றிலும் நிறுத்தினர். பத்து நாள்களுக்கும் மூன்று வாரங்களுக்கும் இடையில் அனைவருக்கும் ஈறு அழற்சி வந்துவிட்டது. ஒருவரும் தப்பவில்லை. பிறகு மீண்டும் ஒழுங்காகத் துலக்கத் தொடங்கினர். ஏறத்தாழ ஒரு வாரத்தில் அனைவருடைய ஈறுகளும் பழைய நலத்தை அடைந்தன. மருந்தில்லை, ஊசியில்லை. துலக்கியதே மருந்து.

இதிலிருந்து இரண்டு உண்மைகளை நாம் கற்றுக்கொள்ளலாம். எவ்வளவு நல்ல வாயும் மூன்று வாரக் கவனக்குறைவைத் தாங்காது. அதுபோலவே, தொடக்க நிலையிலுள்ள ஈறு நோய் நம் கையாலேயே குணமாகக்கூடியது. ஆகையால் இரத்தம் வரும் இடத்தை விட்டு விலகாமல், மெல்லிய பிரஷால் அங்கேதான் இன்னும் கவனமாய்த் துலக்க வேண்டும். சில நாள்களில் இரத்தம் நிற்கும். இரண்டு வாரம் ஒழுங்காய்த் துலக்கியும் நிற்கவில்லையெனில், உள்ளே காரை இருக்கின்றது என்றோ வேறு நோய் உள்ளது என்றோ கருதி மருத்துவரிடம் செல்லுதல் வேண்டும்.

தேயிலைத் தோட்டத்தில் பதினைந்து ஆண்டுகள்

துலக்காமலே வாழ்நாள் முழுவதும் இருந்தால் என்ன ஆகும்? இக்கேள்விக்கு விடை தந்தவர்கள் நம் தமிழ் மக்களே. தமிழ்நாட்டிலிருந்து சென்று இலங்கையின் மலைநாட்டில் தேயிலை பயிரிட்ட தொழிலாளரின் வழிவந்தோருள் 480 ஆண்களின் வாயை, மேற்சொன்ன லோ அவர்களும் பிறரும் 1970-ஆம் ஆண்டு முதல் 1985-ஆம் ஆண்டு வரை அவ்வப்போது ஆராய்ந்தனர். பிரஷோ பற்பசையோ கொண்டு பல் துலக்கும் பழக்கம் அவர்களிடம் இல்லை. வியப்பு என்னவெனில், சொத்தைப் பல் அவர்களிடம் இல்லை என்றே சொல்லலாம். ஆனால் பற்களெல்லாம் படலமும் காரையும் மூடியிருந்தன, ஈறுகளெல்லாம் அழற்சியுற்றிருந்தன.

1986-ஆம் ஆண்டில் வெளியான முடிவு சிந்திக்கத்தக்கது. நூற்றுக்கு 8 பேருக்கு நோய் மிக விரைவாய்ப் பரவியது. இவர்களுக்கு இருபது வயதிலேயே பல் விழத் தொடங்கி, 45 வயதில் எல்லாப் பற்களும் போய்விட்டன. நூற்றுக்கு 81 பேருக்கு நோய் மெதுவாய் முன்னேறியது. அவர்கள் முப்பது வயதுக்குமேல் இழக்கத் தொடங்கி, 45 வயதில் சராசரியாக 7 பற்களை இழந்திருந்தனர். எஞ்சிய 11 பேருக்கு மட்டும் ஈறு அழற்சிக்கு அப்பால் நோய் செல்லவில்லை.

"எங்கள் தாத்தா ஒருநாளும் பிரஷைத் தொட்டதில்லை, பல் கல்லைப் போல் இருந்தது" என்று சிலர் சொல்வதன் விளக்கம் இதுவே. அந்தத் தாத்தா நூற்றில் பதினொருவராய் இருந்திருக்கலாம். நாம் அந்தப் பதினொருவரைச் சேர்ந்தவரா, எண்பத்தொருவரைச் சேர்ந்தவரா, அல்லது அந்த எண்மரைச் சேர்ந்தவரா என்பதை நம் முகத்தைப் பார்த்து எவராலும் கூற முடியாது. ஆகவே எல்லாரும் துலக்குவதே அறிவுடைமை.

இந்த ஆய்வில் இன்னொரு பாடமும் உண்டு. சொத்தை இல்லாத வாயெல்லாம் நலமான வாய் ஆகிவிடாது. வெண்மையான பல்லை மட்டும் பார்த்து மகிழ்ந்துவிடாமல், ஈறையும் பார்த்துப் பழகுவோமாக.

எப்போது, எவ்வாறு துலக்குவது?

நாளுக்கு இருமுறை துலக்க வேண்டும். ஒருமுறையே இயலும் என்னும் நிலை வந்தால் இரவுத் துலக்கலையே தேர்ந்துகொள்ளலாம். உறங்கும்போது உமிழ்நீர் சுரப்பது மிகக் குறைகின்றது. பல்லைக் கழுவிக் காக்கும் அந்தக் காவலன் இல்லாத நேரத்தில் நுண்ணுயிர்கள் தடையின்றி வேலை செய்கின்றன. நம் குடும்பங்களில் காலைத் துலக்கல் தவறாது, இரவில்தான் தவறுகின்றோம். இரவு உணவு முடிந்ததும் பிள்ளைகள் முதல் பெரியோர் வரை அனைவரும் பல் துலக்கிவிட்டுக் குடும்பச் செபத்திற்கு அமர்வது என்று ஒரு வழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டால், பிள்ளைகளுக்குத் தனியே நினைவூட்ட வேண்டியிராது. அதன்பின் தண்ணீரன்றி வேறொன்றும் உண்ணாதிருத்தல் வேண்டும்.

மென்மையான மயிர்களையுடைய சிறிய பிரஷே நல்லது. அதனைப் பல்லும் ஈறும் சேரும் கோட்டில் சற்றுச் சாய்வாக வைத்து, மெல்ல, குறுகிய அசைவுகளாய், இரண்டிரண்டு பல்லாக நகர்த்த வேண்டும். பற்களின் வெளிப்புறம், உட்புறம், மெல்லும் பரப்பு ஆகிய மூன்றும் துலங்க ஏறத்தாழ இரண்டு நிமிடம் ஆகும். கீழ்த்தாடை முன்பற்களின் உட்புறத்தில் காரை எளிதில் சேரும். அதனை மறத்தல் ஆகாது. பாத்திரம் தேய்ப்பதுபோல் வலிந்து குறுக்கே தேய்ப்பதால் ஈறு தேய்ந்து வேர் வெளிப்பட்டுப் பல் கூச்சம் உண்டாகும். மூன்று மாதத்திற்கு ஒருமுறை, அல்லது மயிர்கள் வளைந்தவுடன், பிரஷை மாற்ற வேண்டும். ஒருவர் பிரஷை மற்றவர் பயன்படுத்தல் கூடாது.

பல்லிடுக்கில் பிரஷ் செல்லாது. அதற்கென மருந்துக்கடைகளில் விற்கும் நூலையோ, இடுக்குக்கான சிறு பிரஷையோ நாளுக்கு ஒருமுறை பயன்படுத்தலாம். நாம் வழக்கமாய்க் கையில் எடுக்கும் ஊக்கும் குண்டூசியும் தீக்குச்சியும் ஈறைக் குத்திப் புண்ணாக்குவன. அவற்றை விலக்க வேண்டும்.

ஆலங்குச்சியையும் வேப்பங்குச்சியையும் நம் முன்னோர் போற்றினர். அவை தீயன என்று நாம் கூறவில்லை. நுனியை நன்றாக மென்று மென்மையாக்கி, பொறுமையாய்த் துலக்கினால் படலம் நீங்கும். ஆனால் உட்புறத்திற்கும் கடைவாய்க்கும் குச்சி எளிதில் எட்டாது. செங்கற்பொடி, சாம்பல், கரித்தூள், பொடி உப்பு ஆகியவை எனாமலையும் ஈறையும் அரத்தைப் போல் அராவுவன. எனாமல் நம் உடலிலேயே மிகக் கடினமான பொருள். ஆயினும் தேய்ந்தால் மறுபடி வளராதது. புளோரைடு கலந்த பற்பசை சொத்தையைத் தடுக்க உதவும். துலக்கியபின் பசையைத் துப்பினால் போதும். நிறைய நீர் விட்டுக் கழுவிவிட்டால் அதன் பயன் குறையும். விலையுயர்ந்த பசை வேண்டுமென்பதில்லை. வேலை செய்வது நம் கையே.

சிறுவர் வாயில்

குழந்தைக்கு ஆறு மாதமளவில் முதற்பல் முளைக்கின்றது. மூன்று வயதுக்குள் 20 பால்பற்களும் வந்துவிடுகின்றன. முதற்பல் முளைத்த நாளிலிருந்தே துலக்க வேண்டும். மூன்று வயது வரை ஓர் அரிசியளவும், அதன்பின் ஆறு வயது வரை ஒரு பட்டாணியளவும் பற்பசை போதும். அதனை விழுங்காமல் துப்பப் பழக்க வேண்டும். நிலத்தடி நீரில் புளோரைடு மிகுந்துள்ள தருமபுரி, கிருஷ்ணகிரி போன்ற பகுதிகளில் இதில் இன்னும் கவனம் வேண்டும். ஏழெட்டு வயது வரை பெற்றோரே துலக்கிவிடுதல், அல்லது பக்கத்தில் நின்று பார்த்தல் நலம்.

"விழப்போகும் பல்தானே" என்று பால்பல்லைப் புறக்கணிப்பது தவறு. பின்வரும் பல்லுக்கு இடம் பிடித்து வைப்பது பால்பல்லே. மேலும், ஆறு வயதில் பால்பற்களுக்குப் பின்னே, எந்தப் பல்லும் விழாமலேயே, ஒரு பெரிய கடைவாய்ப் பல் முளைக்கின்றது. அது நிலையான பல் என்பதைப் பெற்றோர் பலர் அறியார். பால்பல் என்று எண்ணிச் சொத்தையாக விட்டுவிடுகின்றனர். அதனை இழந்தால் மறுபல் இல்லை.

பால் புட்டியை வாயில் வைத்தபடியே குழந்தையை உறங்கவிடுதல் கூடாது. இனிப்பின் அளவைவிட அதனை எத்தனை முறை உண்கின்றோம் என்பதே பெரிது. ஒவ்வொரு முறை இனிப்பு உண்டபின்னும் ஏறத்தாழ அரைமணி நேரம் வாயில் அமிலம் நிற்கின்றது. நாள் முழுவதும் ஒவ்வொரு மிட்டாயாகச் சுவைக்கும் பிள்ளையின் பல்லுக்கு ஓய்வே இல்லை. திருவிழா நாளில் இனிப்பை மறுக்க வேண்டாம். உணவோடு சேர்த்துக் கொடுத்து, பின் வாயைக் கழுவச் செய்யலாம்.

சிலருக்குச் சிறப்புக் கவனம்

கருவுற்ற தாய்மாரின் ஈறு, உடலில் நிகழும் மாறுதலால் எளிதில் வீங்கி இரத்தம் கசியும். பல்லைத் தொடக்கூடாது என்று அந்நாள்களில் தடுப்போர் உண்டு. அப்போதுதான் இன்னும் நன்றாய்த் துலக்க வேண்டும். தாயின் பல்லிலுள்ள சுண்ணாம்புச் சத்தைக் குழந்தை உறிஞ்சிவிடுகின்றது என்னும் எண்ணமும் உண்மையன்று.

நீரிழிவு உடையோரிடம் ஈறு நோய் மிகுதி. ஈறு நோய் மிகுந்தால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் கடினமாகின்றது. ஆதலால் சர்க்கரைக்கு மருந்துண்போர் பல் மருத்துவரையும் ஒழுங்காய்க் காணுதல் வேண்டும்.

புகைபிடிப்போரின் ஈறில் இரத்த ஓட்டம் குறைவதால், நோய் முற்றினும் இரத்தம் அதிகம் கசியாது. எச்சரிக்கும் மணியே அவர்களுக்கு ஒலிப்பதில்லை. புகையிலைத் தூளைப் பல்லில் தேய்ப்பதும், வெற்றிலையோடு புகையிலையை அடக்குவதும் புற்றுநோய்க்கு வழி. புகையிலை சேராத பாக்கும்கூடப் புற்றுநோய் தரவல்லது என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் அறிவித்துள்ளது. விருந்துக்குப்பின் தாம்பூலம் நம் மரபே ஆயினும், நாள்தோறும் மெல்லும் பழக்கத்தை இளையோர் தொடங்காதிருப்பதே நன்று. வாயில் இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண்ணோ, வெண்திட்டோ இருந்தால் தாமதியாது காட்டிவிட வேண்டும்.

வீண் அச்சங்கள்

மருத்துவரிடம் செல்லவொட்டாமல் நம் மக்களைத் தடுக்கும் அச்சங்கள் சில உள. பல்லைப் பிடுங்கினால் கண்பார்வை மங்கும் என்பது அவற்றுள் ஒன்று. கண்ணுக்குச் செல்லும் பார்வை நரம்புக்கும் பல்லுக்கும் தொடர்பில்லை. காரையை எடுத்தால் பல் ஆடும் என்பது மற்றொன்று. எலும்பு கரைந்த பல்லைக் காரையே ஒட்டவைத்திருக்கும். அதனை எடுத்தவுடன் ஆட்டம் வெளிப்படுகின்றது. ஆட்டத்திற்குக் காரணம் நோய். சுத்தம் செய்தவர் அல்லர். காலத்தோடு சென்றிருந்தால் அந்த ஆட்டமும் வந்திராது.

செலவைக் கருதி அஞ்சுவோரும் உண்டு. அரசு மருத்துவமனைகள் பலவற்றிலும், பல் மருத்துவக் கல்லூரிகளிலும் குறைந்த செலவில் காரை எடுக்கின்றனர். பல் கட்டுவதற்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இது சிறு தொகையே.

பல் வலியுற்றோர் வேண்டிக்கொள்ளும் புனித அப்பொலோனியாவை நம் பெரியோர் அறிவர். அலெக்சாந்திரியா நகரில் 249-ஆம் ஆண்டளவில் பகைவர் அவருடைய தாடையில் அறைந்து பற்களை உடைத்தனர் என்று அந்நகர் ஆயர் தியோனீசியு எழுதியுள்ளார். பெப்ரவரி 9 அவருடைய திருநாள். விசுவாசத்தை விடாமைக்காகப் பல்லை இழந்தார் அவர். நாமோ சோம்பலுக்காக இழக்கின்றோம். அவரிடம் மன்றாடுவோர் மருத்துவரையும் நாடலாம், பிரஷையும் எடுக்கலாம்.

இன்றிரவே தொடங்குவோம். வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் விளக்கொளியில், கண்ணாடியின் முன் நின்று, உதட்டை உயர்த்தி ஈறைப் பார்ப்போம். சிவந்து தடித்திருக்கின்றதா? துலக்கினால் கசிகின்றதா? ஆம் எனில் அஞ்ச வேண்டியதில்லை. இரண்டு வாரம் காலையும் இரவும் ஒழுங்காய்த் துலக்கிப் பார்ப்போம். அதன்பின்னும் கசிவு நிற்காதோர் மருத்துவரைக் காணட்டும். நாளுக்கு நான்கு நிமிடம் செலவிடும் குடும்பத்தில், பேரப்பிள்ளைகளோடு அமர்ந்து முறுக்கைக் கடிக்கும் பாட்டனாரையும் பாட்டியாரையும் காணலாம்.